பூவில்லாத காட்டில் மரங்களை அறிதல்

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியில் செட்டிகுளத்தைக் கடந்து போகும் பிரயாணிக்கு, வயலும் குடியிருப்பும் நீங்கிய இடங்களிலெல்லாம் வீதியின் இருமருங்கும் தோன்றுவது ஒரே பச்சையான காடுதான். எங்கே ஒரு மரம் முடிகிறது, எங்கே அடுத்த மரம் தொடங்குகிறது என்பதுகூட அவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனால் அந்த ஊரிலே பிறந்து, தேனுக்கும் விறகுக்கும் காணாமற்போன மாட்டுக்குமாகக் காடேறிப் பழகிய முதியவர் ஒருவரோடு அதே காட்டுக்குள் நடந்தால், அவர் நடையை நிறுத்தாமலே பெயர்களைச் சொல்லிக்கொண்டு போவார்: "அந்தா நிக்கிறது வீரை, தம்பி. அங்காலை சரிஞ்சு நிக்கிறது பாலை. இது முதிரைக் கண்டு, மிதிச்சுப்போடாதை." ஒரு பூவும் இல்லை, ஒரு காயும் இல்லை, எப்படி ஐயா கண்டனீங்கள் என்று கேட்டால், "பாத்தாத் தெரியுந்தானே" என்பதே பெரும்பாலும் மறுமொழியாக இருக்கும்.

அந்த மறுமொழியில் பொய் இல்லை. எனினும் அது முழு விளக்கமும் அன்று. பார்ப்பது என்று அவர் சொல்லுகின்ற அந்தச் செயலுக்குள்ளே, தொடுவதும் கசக்குவதும் முகர்வதும் ஒளிக்கு எதிரே பிடித்து நோக்குவதுமாகிய பல பரீட்சைகள், நீண்ட அனுபவத்தினால் ஒரு கணப்பொழுதுக்குள் ஒடுங்கிப்போய் இருக்கின்றன. அவற்றை மறுபடியும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, காட்டையே அறியாத ஒருவரும் செய்து பார்க்கக்கூடிய கிரமத்தில் அடுக்கிவைப்பதுதான் தாவர சாஸ்திரம் செய்கின்ற வேலை. இந்த அத்தியாயத்தில் செட்டிகுளத்துக் காட்டையே நமக்குப் பரீட்சைச்சாலையாக வைத்துக்கொண்டு, அந்தக் கிரமத்தைக் கற்றுக்கொள்ள முயல்வோம்.

வறண்ட நாட்டில் ஒரு பசுங்காடு

முதலில் இந்தக் காட்டின் சுபாவத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்குக் குறைந்த மழையைப் பெறும் பகுதியை இலங்கையில் உலர்வலயம் என்பார்கள். வன்னி முழுவதும் அதற்குள் அடங்குகிறது. அந்த மழையிலும் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரையிலான மாரிகாலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வைகாசி முதல் புரட்டாதி வரையில் சோளகக் காற்று வீசி நிலத்தை உலர்த்துகின்றது. இவ்வளவு நீண்ட கோடையைப் பெற்ற நடு இந்தியக் காடுகள் பலவும் அக்காலத்தில் இலையை முற்றாக உதிர்த்துவிட்டு வெறுங்கிளைகளோடு நிற்க, வன்னிக் காட்டின் தலைமரங்களாகிய பாலையும் வீரையும் தடித்த, தோல்போன்ற இலைகளைத் தாங்கியபடி பசுமை குன்றாமல் நிற்பது வியப்புக்குரியது. புதிய இலைத்தொகுதி ஒன்றை ஆண்டுதோறும் உண்டாக்குவதற்கு மரம் பெருஞ்செலவு செய்ய வேண்டும். அதற்குப் பதிலாக, மெழுகுப்பூச்சுக் கொண்ட உறுதியான இலையை ஒருமுறை ஆக்கி நீண்ட காலம் வைத்திருந்தால், எதிர்பாராத நாளில் ஒரு மழை பெய்தாலும் அன்றைக்கே உணவு தயாரிக்கத் தொடங்கிவிடலாம். அறிஞர்கள் இவ்வகைக் காட்டை உலர் பசுமைக் காடு என்று வழங்குகிறார்கள். பாக்கு நீரிணைக்கு அப்பால், கோடியக்கரையிலும் மரக்காணத்தை அடுத்த கோயிற்காடுகளிலும் இதே பாலையும் வீரையும் சேர்ந்து நின்று இதே தோற்றத்தைக் காட்டுகின்றன. சோழமண்டலக் கரையும் வன்னியும் ஒரே காட்டின் இரு துண்டுகளைப் பங்கிட்டுக்கொண்டவை என்று சொன்னால் அது மிகையாகாது.

கலிபோர்னியாவின் கடலோரத்தில் ரெட்வுட் என்னும் மரங்கள் நூறு மீற்றருக்கும் மேலாக ஓங்கி நிற்கின்ற வனங்கள் உண்டு. அங்கே நடப்பவருக்குத் தலைமரம் எது என்ற சந்தேகமே எழுவதில்லை. ஒரே மரம் வானத்தை மறைத்து நிற்க, அதன் நிழலில் வாழ்கின்ற பன்னங்களையும் சிறு பூண்டுகளையும் மாத்திரம் தெரிந்துகொண்டால் போதும். வன்னிக் காடு அத்தகையதன்று. இருபது மீற்றர் உயரத்தை எட்டிப்பிடிக்கும் மரங்களே இங்கே பெரியவை. அவற்றின் கீழே இடைமரங்களும் முட்பற்றைகளும் கொடிகளும் பின்னிக் கிடக்கின்றன. எந்த ஒரு மரமும் முழுக்காட்டையும் ஆள்வதில்லை. ஆகவே உயரத்தைக் கொண்டு பெயர் சொல்லும் வழி இங்கே அடைபட்டுப்போகிறது.

பூவை நம்பியிருந்தால்

பூவைக் கொண்டு தாவரத்தை அறிவதே சாஸ்திரத்தின் பழைய வழி. 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராகக் கொழும்பில் இருந்த பவுல் ஹெர்மன் என்பவர் இலங்கைச் செடிகளை உலர்த்திச் சேகரித்தார். அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின் அந்தச் சேகரம் சுவீடன் தேசத்து லின்னேயஸிடம் சென்றது. இலங்கையை ஒருநாளும் கண்ணாற் காணாத அம்மேதை, அந்த உலர்ந்த மாதிரிகளை ஆராய்ந்தே 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். அவர் தாவரங்களை வகுத்ததோ பூவின் கேசரங்களை எண்ணி. மேசையின்மேல் விரித்துவைத்த மாதிரிக்கு அந்த முறை பொருந்தும். ஆனால் ஆடிமாதத்துச் செட்டிகுளக் காட்டில், ஆண்டுக்குச் சில வாரங்களே பூக்கின்ற ஒரு மரத்தின் மிகச்சிறிய வெண்பூவை, பதினைந்து மீற்றர் உயரத்தில் இருக்கும் கொப்பில் எங்ஙனம் தேடுவது? அங்கே எக்காலமும் நம் கைக்கு எட்டக்கூடியது இலை ஒன்றுதான். மரத்திலே எட்டாவிட்டாலும் காலடியில் உதிர்ந்து கிடக்கும்.

இலையை எடுத்துக்கொண்டவுடன் பலரும் அதன் பருமனையும் வடிவத்தையும் நோக்குகிறார்கள். இது இயல்பே ஆயினும் ஏமாற்றம் தருவது. நிழலிலே வளர்ந்த கன்றின் இலையும், வெயிலிலே விரிந்த உச்சிக்கொப்பின் இலையும் ஒரே மரத்தில் ஒன்றுக்கொன்று இரட்டிப்புப் பருமனாக இருக்கக்கூடும். எவை மாறுவனவோ அவற்றைப் பின்னே தள்ளி, எவை மாறாதனவோ அவற்றை முன்னே வைத்துக் கேட்க வேண்டும். மாறாதவை நான்கு: இலை தனியிலையா கூட்டிலையா என்பது, தண்டிலே அது எதிரெதிரே நிற்கிறதா மாறிமாறி நிற்கிறதா என்பது, கிள்ளினால் பால் வடிகிறதா என்பது, கசக்கினால் வாசனை எழுகிறதா என்பது.

எது ஓர் இலை?

இந்த நான்கில் முதலாவதே புதியவரை அதிகம் மயக்குவது. வேம்பின் ஈர்க்கைப் பிடித்துக்கொண்டு, அதில் இருபுறமும் வரிசையாக நிற்பவற்றை ஒவ்வொன்றும் ஓர் இலை என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். சாஸ்திரத்தின்படி அந்த ஈர்க்கு முழுவதுமே ஓர் இலை. அதில் நிற்பவை சிற்றிலைகள். சிற்றிலைகளாகப் பிரிந்த அந்த முழு இலைக்குக் கூட்டிலை என்று பெயர். இரண்டையும் பிரித்தறிவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இலையின் அடி தண்டோடு சேரும் மூலையை உற்றுநோக்கினால் அங்கே ஒரு சிறு மொட்டு இருக்கும். அதைக் கக்கவரும்பு என்பார்கள். அரும்பு எந்த மூலையில் இருக்கிறதோ அங்கே தொடங்குவதுதான் இலை. சிற்றிலையின் அடியில் ஒருபோதும் அரும்பு இராது. இந்தப் பரீட்சையைக் காட்டுக்குப் போகுமுன் வீட்டுக் கோடியில் நிற்கும் வேம்பிலும் முருங்கையிலும் கறிவேம்பிலும் செய்து பழகிக்கொள்வது உத்தமம். முருங்கையில் சிற்றிலையே மேலும் பிரிந்து பிரிந்து போவதால், அரும்பைத் தேடிக்கொண்டு வெகுதூரம் கீழே இறங்கவேண்டி வரும்.

முதிரையை அறிதல்

இனி ஒரே ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை ஆராய்வோம். காட்டுப்பாதையின் ஓரத்தில், இடுப்பளவு உயரத்தில், பெயர் தெரியாத ஒரு கன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம்.

அரும்பைத் தேடினால், அது ஈர்க்கின் அடியிலே கிடைக்கிறது. ஆகவே இது கூட்டிலை. அடுத்த இலை தண்டின் மறுபக்கத்தில் சற்று மேலே தொடங்குகிறது, ஆகவே மாற்றடுக்கு. இந்த இரண்டு விடைகளினாலேயே பாலை, வீரை, கருங்காலி, நாவல், மருது முதலிய தனியிலை மரங்கள் அனைத்தும் விலகிவிட்டன. ஈர்க்கு மறுபடியும் கிளைக்கவில்லை, முள்ளும் இல்லை. உடைவேலும் விடத்தலும் வாகையும் இதனால் நீங்கின. எஞ்சியிருப்பவை வேம்பு, கொன்றை, புளி, முதிரை, இன்னும் சில. கொன்றையின் சிற்றிலைகள் உள்ளங்கை அளவுக்குப் பெரியவை, ஒரு சில சோடிகளே இருப்பவை. இங்கே ஓரங்குல அளவான சிற்றிலைகள் பத்துச் சோடிக்கு மேலே நிற்கின்றன. வேம்பின் சிற்றிலைக்கு வாள்போன்ற பல்விளிம்பு உண்டு. இதன் விளிம்போ ஒழுங்கானது. இனி எஞ்சுபவை புளியும் முதிரையும்.

இப்போது ஒரேயொரு சிற்றிலையைப் பறித்து அதன் நடுநரம்பைப் பாருங்கள். அது நடுவில் ஓடவில்லை. ஓரப்பக்கமாக ஒதுங்கி ஓடுகிறது, அதனால் சிற்றிலையின் ஒரு பாதி மிக ஒடுங்கியும் மறுபாதி அகன்றும் அடி கோணியும் இருக்கிறது. அடுத்து அதைச் சூரியனுக்கு எதிரே உயர்த்திப் பிடியுங்கள். பச்சைத் தகட்டிலே ஊசியாற் குத்தியதுபோன்ற எண்ணற்ற ஒளிப்புள்ளிகள் தோன்றும். அவை துளைகள் அல்ல. வாசனைத் தைலம் நிறைந்த நுண்ணிய பைகள். இலையின் பச்சையம் அந்தப் பைகளில் இல்லாமையினால் ஒளி அவற்றினூடே தடையின்றி வருகிறது. தைலப்புள்ளி என்று இவற்றை அழைப்போம். கசக்கி முகர்ந்தால் அந்தத் தைலத்தின் காரமான மணம் மூக்கில் ஏறும். புளியிலையில் இந்தப் புள்ளியும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே கையிலிருப்பது முதிரை.

கன்றைவிட்டு வளர்ந்த மரத்துக்குச் சென்றால், மஞ்சள் கலந்த நரைநிறத்தில், தடித்து வெடித்த பட்டையை அதன் அடியிலே காணலாம். கோடையில் அது இலையுதிர்த்து நின்றால் நிலத்தைப் பாருங்கள். மூன்று கூறாகப் பிளந்து உலர்ந்த கபிலநிறக் காய்க்கோதுகள் கிடக்கும். அவற்றுக்குள் இருந்த விதைகளுக்கு மெல்லிய சிறகுகள் உண்டு. காற்று அவற்றை எடுத்துச் சென்றிருக்கும்.

இந்தத் தைலப்புள்ளிகள் ஒரு பெரிய தாவரவியலாளரையே திருத்தியவை. சோழமண்டலக் கரையின் செடிகளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்த வில்லியம் ரொக்ஸ்பரோ, முதிரையின் கூட்டிலையையும் பிளக்கும் காயையும் சிறகுள்ள விதையையும் கண்டு அதனை மேற்கிந்தியத் தீவுகளின் மஹோகனியோடு ஒரே சாதியில், அதாவது நெருங்கிய இனங்களை அடக்கும் ஒரே தொகுதியில், வைத்தார். 1824இல் டி கண்டோல் என்பார் அதனைத் தனிச்சாதியாகப் பிரித்து, பழைய தொடர்பின் ஞாபகமாக மஹோகனியின் பெயரை இனப்பெயராக மாத்திரம் விட்டுவைத்தார். குளோரோக்சிலோன் சுவீட்டீனியா என்று இன்றும் அது வழங்குகிறது. பிற்கால ஆராய்ச்சியோ, அது மஹோகனிக்கும் வேம்புக்கும் உரிய குடும்பத்தது அன்று, தேசிக்கும் தோடைக்கும் உரிய குடும்பத்தது என்று நிச்சயித்துவிட்டது. தோடம்பழத் தோலை வளைத்தால் பீச்சுகின்ற தைலமும் இவ்விலையில் ஒளிரும் தைலமும் ஒரேவகைப் பைகளிலே ஊறுபவை. உடன்பிறந்தார் உயரத்திலும் நிறத்திலும் வேறுபட்டிருந்தாலும் மூக்கின் வார்ப்பிலே பிறந்த வீட்டைக் காட்டிவிடுவதுபோல, வானளாவிய முதிரையும் பற்றையாய்க் கிடக்கும் குருந்தும் இந்தப் புள்ளிகளிலே தங்கள் குடும்பத்தைக் காட்டிவிடுகின்றன.

செட்டிகுளத்துக் காட்டிலே இந்தக் குடும்பத்தார் பலர் உளர். குருந்துக்குத் தனியிலையும் முள்ளும், விளாவுக்குச் சிறகு விரிந்த ஈர்க்கும் முள்ளும், வில்வத்துக்கு மூன்று சிற்றிலையும் முள்ளும் உண்டு. எல்லாவற்றுக்கும் புள்ளியும் மணமும் பொது. ஒரு எச்சரிக்கை மாத்திரம் அவசியம். நாவலின் குடும்பத்துக்கும் தைலப்புள்ளிகள் உண்டு. ஆனால் அந்தக் குடும்பத்தில் கூட்டிலை எக்காலமும் இல்லை, நாவலின் தனியிலைகளோ எதிரெதிரே நிற்பவை. ஒரு இலட்சணத்தை மட்டும் பற்றிக்கொண்டு தீர்ப்புக் கூறாமல் இரண்டு மூன்றைச் சேர்த்தே கூறவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மனிதருக்கு முன்பே இந்தக் குடும்ப உறவைக் கண்டுபிடித்த பிராணியும் ஒன்றுண்டு. வால்நீண்ட பெரிய வண்ணத்துப்பூச்சிகள் சில, தங்கள் முட்டைகளைத் தேசி, கறிவேம்பு, குருந்து, வில்வம் ஆகியவற்றின் இலைகளிலேயே தேடி இடுகின்றன. தாய்ப்பூச்சி இலையில் இறங்கியதும் முன்கால்களால் அதை விரைந்து விரைந்து தட்டுவதைக் காணலாம். அந்தக் கால்களில் சுவையை உணரும் மயிர்கள் இருக்கின்றன; இலையின் இரசாயனத்தை அவற்றால் பரீட்சித்து, இது தன் பிள்ளைகளுக்கு உரிய குடும்பந்தான் என்று தெளிந்த பின்னரே அது முட்டையிடுகிறது. இலையின் உருவம் அதற்கு ஒரு பொருட்டன்று.

முதிரையைப் பற்றி இவ்வளவு விரித்துச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதன் வைரம் பட்டுப்போல மினுங்கும் பொன்னிறமானது. ஆங்கிலேயர் காலத்திலேயே சீமைக்கு மேசையும் பேழையும் செய்வதற்காகக் கப்பலேறியது. இன்றும் வன்னியில் முதிரைக் குற்றிகள் கடத்தப்பட்டுப் பிடிபட்ட செய்தி பத்திரிகைகளில் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. அடிமரத்தைக் கண்டு அதன் விலையை மதிப்பவர்கள் பலர் இருக்கின்றார்கள். இடுப்பளவுக் கன்றைக் கண்டு அதன் பெயரைச் சொல்லக்கூடியவர்களோ குறைந்துகொண்டு போகிறார்கள். வெட்டுண்ட மரத்தின் இடத்தை நிரப்பப்போவது அந்தக் கன்றுதான் என்பதால், கன்றை அறிகின்ற அறிவே காட்டுக்கு மிக வேண்டிய அறிவு என்பது என் திடமான அபிப்பிராயம்.

பால் வடியும் மரம்

தனியிலை மரங்களுக்குள் முதலிற் செய்யத்தக்கது பால் பரீட்சை. பாலையின் இலைக்காம்பைக் கிள்ளினால் வெண்பால் துளிர்க்கும். இலைகள் கொப்பின் நுனியிலே நெருங்கி நிற்கும். இலையின் நுனியோ கூராக இராமல் நடுவில் சற்றே உள்வாங்கியிருக்கும். பட்டை கருநரை நிறமாய் ஆழ வெடித்திருக்கும். இந்த நான்கும் சேர்ந்துவிட்டால் சந்தேகமே இல்லை. இலுப்பையும் மகிழும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றிலும் பால் உண்டு, ஆனால் நுனி உள்வாங்கிய இலை இல்லை. ஆனி ஆடி மாதங்களில் மஞ்சளாகப் பழுக்கும் பாலைப்பழம் வன்னியாருக்கு எவ்வளவு உவப்போ அவ்வளவு கரடிக்கும் உவப்பு. செட்டிகுளத்துக்குத் தென்மேற்கே விரிந்துகிடக்கும் வில்பத்துக் காட்டில் கரடியைக் காண விரும்புவோர் பாலை பழுக்கும் காலத்தையே தெரிந்தெடுத்துச் செல்வதற்குக் காரணம் அதுவே.

பால் வடிவதெல்லாம் பாலை ஆகாது. சதுரக்கள்ளியின் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. ஆகையால் கிள்ளிய விரலைத் துடைக்காமல் முகத்தருகே கொண்டுபோகலாகாது.

உயிர் காக்கும் ஒன்றும் உயிர் வாங்கும் ஒன்றும்

காட்டிலே வாயாற் சுவைத்து அறியும் பரீட்சையை ஏன் அடியோடு விலக்க வேண்டும் என்பதை விளக்க, எட்டியும் தேற்றாவும் போதும். இரண்டும் ஒரே சாதி. வன்னியின் ஒரே காட்டில் வாழ்பவை. எதிரெதிரே நிற்கும் மினுமினுப்பான தனியிலையும், அந்த இலையின் அடியிலிருந்தே தொடங்கி நுனியை நோக்கி வளைந்து செல்லும் மூன்று முதல் ஐந்து வரையான பெருநரம்புகளும் இரண்டுக்கும் பொது. இலந்தைக்கும் சூரைக்கும் இவ்வாறு அடியிலிருந்து மூன்று நரம்புகள் எழுவதுண்டு. ஆனால் அவற்றின் இலைகள் மாறிமாறி நிற்பவை, தண்டில் முள்ளும் உண்டு.

தேற்றாவின் பழம் சிறியது, உருண்டையானது, பழுத்தாற் கறுப்பது. உள்ளே பெரும்பாலும் ஒரே விதை. அந்த விதையை மண்பானையின் உட்புறத்தில் உரைத்து, கலங்கல் நீரை அதில் ஊற்றி வைத்தால், நீரில் மிதக்கும் களிமண் துகள்களை விதையிலிருந்து கரைந்த பொருள் ஒன்றோடொன்று ஒட்டச்செய்து கனமாக்குவதால் அவை அடியிற் படிகின்றன. மேலே தெளிந்த நீர் நிற்கிறது. நவீன நீர்ச்சாலைகள் படிகாரத்தினாற் செய்யும் வேலையை இது செய்கிறது. எட்டியின் பழமோ தோடம்பழ அளவும் நிறமும் கொண்டு கண்ணைக் கவர்வது. அதன் வெண்சதைக்குள்ளே தட்டையான, வட்டமான, பட்டுமயிர் போர்த்த விதைகள் பல இருக்கும். அவற்றிலுள்ள ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சு தசைகளை இழுத்து மூச்சை நிறுத்திக் கொல்லவல்லது. கனியில்லாத காலத்தில் இலையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிப்பது எளிதன்று. எட்டியின் இலை பெரிது என்று சொல்லலாமாயினும், இலையின் பருமனை நம்பலாகாது என்று முன்னரே கண்டோம். இத்தகைய இடத்தில் "இது எட்டியோ தேற்றாவோ ஆகிய சாதி" என்ற அளவோடு நின்றுவிடுவதே நேர்மையான விடை. சாதிவரை சொல்லி இனத்தைக் கனி காணும் வரையில் ஒத்திவைப்பது தாவரவியலில் தோல்வியாகக் கருதப்படுவதில்லை.

அடிமரம் சொல்வன

தூரத்தில் இருந்தே பெயர் சொல்லும் முதியவரின் திறமைக்கு அடிமரமே பெரிய துணை. வீரையின் அடிமரம் உருண்டு திரண்டிருப்பதில்லை. ஆழமான பள்ளங்களும் வரம்புகளுமாக முறுகி, சில இடங்களில் துளைபட்டும் இருக்கும். முப்பது அடிக்கு அப்பாலிருந்தே அதனை அறிந்துவிடலாம். கருங்காலிக்கு மிகக் கறுத்த, கரடுமுரடான பட்டை. பாலும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் அதன் கனி, நாலு மடல்கொண்ட தடித்த புல்லிக்கிண்ணத்தில் அமர்ந்திருப்பதால் உதிர்ந்து கிடக்கும் கிண்ணங்களே சான்றாகும். அருவியாற்றங்கரைக்கு இறங்கினால் வெளிறிய வழுவழுத்த பட்டையோடு ஓங்கி நிற்பது மருது; அதன் இலையின் அடியில், காம்பு சேருமிடத்தில், இரண்டு சிறு சுரப்பிகள் இருப்பதை விரலாலேயே தடவி உணரலாம்.

உரியவையும் வந்தவையும்

ஒரு தாவரத்தின் பெயரை அறிந்தபின், அது இந்த மண்ணுக்கே உரியதா, வந்து சேர்ந்ததா என்பது அடுத்த கேள்வி. நெடுங்காலம் நம்மோடு இருந்தவையெல்லாம் உரியவை என்று எண்ணிவிடக்கூடாது. நமது குழம்புக்கு இன்றியமையாத புளி ஆபிரிக்காவிலிருந்து வந்தது. மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரமும் அங்கிருந்தே வந்தது. வரிசை பிடித்து நிற்கும் தேக்கந்தோட்டங்களைக் காடு என்று நினைப்போர் உண்டு. தேக்கு இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சீயத்துக்கும் உரிய மரம், இலங்கையில் நடப்பட்டது. அதன் அகன்ற, சொரசொரத்த, எதிரடுக்கு இலையின் இளந்தளிரை விரலிடையில் வைத்துத் தேய்த்தால் விரல் சிவந்துபோகும்; வேறு அடையாளம் வேண்டியதில்லை.

இவையெல்லாம் தம்பாட்டில் நிற்பவை, காட்டை நெருக்குவதில்லை. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் அப்படிப்பட்டவை அல்ல. பார்த்தீனியம் இலங்கையிலே 1990களின் முடிவில் கவனத்துக்கு வந்தது வவுனியாவிலேதான். இத்தகைய களைகளுக்கு இடங்கொடுப்பது காடு வெட்டுண்ட நிலமே. போர் முடிந்த 2009இல், இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கான மக்கள் அடைக்கப்பட்டிருந்த மனிக் பாம் முகாம்களுக்காகச் செட்டிகுளத்தில் பெருமளவு காடு வெட்டி வெளியாக்கப்பட்டது. முகாம்கள் 2012இல் மூடப்பட்டன. காடு இவ்வாறு வெளியாகும் எந்த நிலத்திலும் பாலையும் வீரையும் உடனே திரும்பிவருவதில்லை. ஒளியை விரும்பும் விடத்தலும் சூரையும் ஆவாரையும் முதலிலே பிடித்துக்கொள்கின்றன. அவற்றுக்கிடையே அந்நியக் களைகள் புகுகின்றன. அந்த முட்பற்றையின் நிழலுக்குள்ளே பறவையின் எச்சத்தில் விழுந்த வீரைவிதையும் பாலைவிதையும் முளைத்துத் தலையெடுக்கப் பல்லாண்டுகள் செல்லும். ஆகவே ஒரு துண்டுக் காட்டில் எவையெவை நிற்கின்றன என்று கணக்கெடுத்தால், அது வெட்டுப்பட்ட காலத்தையே ஓரளவு மதிப்பிட்டுவிடலாம். அடர்ந்த காட்டின் நடுவே பழம்புளியும் இலுப்பையும் ஒருங்கே நின்றால், அங்கே ஒரு காலத்தில் ஊர் இருந்ததா என்று சுற்றிலும் பார்க்கவேண்டும். தூர்ந்துபோன குளக்கட்டோ ஓட்டுத்துண்டுகளோ அருகில் அகப்படக்கூடும்.

பெயரை எழுதி வைத்தல்

காட்டுக்குப் போகிறவர் ஊரவர் ஒருவரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு, யானை நடமாட்டத்தை விசாரித்துக்கொண்டு, கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று அறிந்த பாதையிலேயே நடப்பாராக. பச்சைக்கொப்பை முறிக்க வேண்டியதில்லை. உதிர்ந்த இலையும் கோதும் போதும். அவற்றைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்துப் பாரமேற்றி, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்தினால் நெடுங்காலம் இருக்கும். ஆனால் உலர்ந்த இலையில் மணம் நில்லாது, பாலும் இராது, பட்டையின் நிறமும் தெரியாது. அதனால் அவற்றை அந்த இடத்திலேயே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி இலையோடு சேர்க்க வேண்டும். திகதியும், எந்தக் குளத்துக்கு அருகில் என்பதும், மரம் நின்றது மேட்டிலா ஆற்றோரத்திலா என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

ஊர்ப்பெயரையும் மறவாமல் எழுதுங்கள். பேராதனைப் பூங்காவின் அதிபராயிருந்த ஹென்றி டிரைமென் 1893 முதல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவரநூலில், இலத்தீன் பெயரின் பக்கத்தில் சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்துத் தந்திருக்கிறார்; வன்னிக் காட்டுமரங்களின் தமிழ்ப்பெயர்கள் பல சாஸ்திர ஏட்டில் ஏறியது, அவற்றை யாரோ ஒரு காட்டுவழிகாட்டி சொல்ல யாரோ ஒருவர் கேட்டு எழுதியதனால்தான். ஒரே மரத்துக்குச் செட்டிகுளத்தில் ஒரு பெயரும் முள்ளியவளையில் வேறொரு பெயரும் வழங்கலாம். அவற்றுள் எது சரி என்று தீர்க்க முற்படாமல், சொன்னவர் உச்சரித்தபடியே, அவருடைய ஊரின் பெயரோடு இரண்டையும் குறித்துவையுங்கள். மாரி தொடங்கியதும் அதே பாதையில் மறுபடி நடந்து, கோடையில் ஐயத்தோடு விட்ட மரங்களில் பூவும் பிஞ்சும் வந்திருக்கின்றனவா என்று பார்த்து, பழைய துண்டுக் கடதாசியின் அடியிலே புதிய வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.